கேம் வாங்குவோர் கேள்வி-பதில்: வெளிவராத விளையாட்டுக்கு முன்பணம் எதற்கு?

வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதும் நாகர்கோவில் கல்லூரி மாணவர் வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய ஒரு கேமை ஐந்து மணி நேரம் ஆடிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
— கல்லூரி மாணவர், கருங்கல்

பெரும்பாலும் கிடைக்காது. வாங்கிய 14 நாட்களுக்குள் கேட்க வேண்டும்; 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும்.

கணினிக் கடை ஒன்றில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லிப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைக் கொடுத்தார்கள். விண்டோஸும் அதே பெயரைத்தான் காட்டுகிறது. ஆனால் எந்த கேமும் ஒழுங்காக ஓடவில்லை. பில் தரவில்லை, திரும்ப எடுக்கவும் மறுக்கிறார்கள்.
— தொழிற்பயிற்சி மாணவர், தக்கலை

உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. திறன் குறைந்த பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, உயர்ந்த கார்டின் பெயரைக் காட்டும்படி செய்து விற்பது பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி. விண்டோஸ் அந்தப் பெயரையே எடுத்துக் காட்டுவதால் யாரும் நம்பிவிடுவார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இயக்கிப் பாருங்கள். போலியைக் கண்டறிந்தால் அது கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று குறித்துக் காட்டும். அந்தத் திரையைப் படமெடுத்து, பணம் செலுத்திய யுபிஐ பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பில் தராமல் விற்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் கடைக்காரர் இறங்கி வராவிட்டால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எனக்கும் இப்படி நடந்தது. நான் வாங்கிய, கையில் பிடித்து ஆடும் ஒரு பழைய கண்ட்ரோலரின் இடது ஸ்டிக், யாரும் தொடாமலேயே திரையில் இருந்த ஆளை நடக்க வைத்தது. விற்ற கடைக்காரர் என்னைப் பேசவே விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

விரைவில் வெளிவரவிருக்கும் ஒரு கேமுக்கு இப்போதே முழுப் பணம் கட்டினால் கேமுக்குள் சிறப்பு உடையும் ஆயுதமும் தருகிறார்கள். கட்டலாமா?
— பிளஸ் 2 மாணவர், மார்த்தாண்டம்

கட்டாதீர்கள். டிஸ்க் மட்டுமே இருந்த நாட்களில், கடைக்கு வரும் சில பிரதிகள் தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் முன்பதிவு செய்ததற்கு நியாயம் இருந்தது. பதிவிறக்கம் செய்யும் கேம் தீர்ந்துபோவதில்லை. வெளியான மறுநாளும் அது அங்கேயே இருக்கும். சில மாதங்கள் பொறுத்தால் தள்ளுபடியிலும் கிடைக்கும். அப்படியிருக்க, ஒருவரும் ஆடிப் பார்க்காத பொருளுக்கு நீங்கள் ஏன் முழு விலையையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்?

சைபர்பங்க் 2077 என்ற கேம் இதற்குச் சரியான சான்று. அது 2020 டிசம்பர் 10 அன்று வெளியானபோது, ஏறத்தாழ 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்ததாக அதை உருவாக்கிய நிறுவனமே அறிவித்தது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டுமே கொடுத்தார்கள். அதிலும் அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சிகளை வெளியிட அனுமதி இல்லை. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய விளையாட்டுப் பெட்டிகளுக்கான பதிப்புகள் எந்த நிலையில் இருந்தன என்பது, பணம் கட்டியவர்கள் வீட்டில் திறந்து பார்த்த பிறகே தெரிந்தது. ஒரு வாரம் கழித்து, பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே நீக்கியது. 2021 ஜூனில்தான் மீண்டும் விற்பனைக்கு வந்தது. பின்னர் பல திருத்தங்கள் செய்யப்பட்டு அது மிக நல்ல விளையாட்டாக மாறியது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த நல்ல விளையாட்டு, காத்திருந்தவர்களுக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. குறைகளையெல்லாம் அனுபவித்தவர்கள் முழு விலை கொடுத்து முன்பதிவு செய்தவர்கள். விமர்சனம் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. நாங்கள் உண்மையைச் சொல்வதற்கு முன்பே பணம் கைமாறிவிடுகிறது என்றால், நாங்கள் எழுதுவது யாருக்குப் பயன்படும்? நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்து, அது ஸ்டீமாக இருந்தால், கேம் வெளியாகும் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

டெலிகிராமில் 400 ரூபாய் கொடுத்து, நிறைய கேம்கள் உள்ள ஸ்டீம் கணக்கு வாங்கினேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். சென்ற ஆண்டும் இப்படித்தான் நடந்தது.
— அஞ்சுகிராமம்

சென்ற ஆண்டே பட்டுத் தெரிந்தும் அதே வழியில் மீண்டும் பணம் அனுப்பியது அலட்சியம். கணக்கை விற்பதையும் கைமாற்றுவதையும் ஸ்டீமின் ஒப்பந்தமே தடை செய்கிறது; ஆகவே அவர்களிடம் நீங்கள் முறையிட முடியாது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

துபாயிலிருந்து சித்தப்பா பிளேஸ்டேஷன் 5 கொண்டுவந்தார். அங்கேயே கணக்கும் தொடங்கித் தந்தார். நம் வங்கி அட்டையை அது ஏற்கவில்லை.
— குளச்சல்

கணக்கைத் தொடங்கும்போது தேர்ந்த நாட்டைப் பின்னர் மாற்ற முடியாது. இந்தியாவைத் தேர்ந்து புதுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். பழைய கணக்கில் வாங்கியவற்றை, அதே பெட்டியில் பகிர்வு வசதியை இயக்கிப் புதுக் கணக்கிலிருந்தும் ஆடலாம். சித்தப்பா கொண்டுவரும் டிஸ்குகளும் இங்கே ஓடும். ஆனால் கூடுதல் உள்ளடக்கம் வாங்குவதானால், கேம் எந்த நாட்டுப் பதிப்போ அதற்குப் பொருந்தும் கடையில்தான் வாங்க வேண்டும். வளைகுடாவிலிருந்து பெட்டி வரவழைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். வாரண்டி இங்கே செல்லுமா என்பதை அங்கே வாங்கும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு வயது மகன் சென்ற வாரம் என் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடி, 3,000 ரூபாய்க்கு மேல் யுசி (அந்த விளையாட்டுக்குள் செலவிடும் நாணயம்) வாங்கிவிட்டான். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.
— குலசேகரம்

அம்மா, வருந்த வேண்டாம். ஒரே தொடுதலில் பணம் போகும்படி அமைத்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். இப்போது விளையாட்டு நிறுவனத்துக்கே எழுத வேண்டும். மகனின் வயதையும், உங்கள் அனுமதியின்றி வாங்கப்பட்டதையும், ஆர்டர் எண்ணையும் குறிப்பிடுங்கள். அதற்கு முன்பாக இன்றே பிளே ஸ்டோரின் செட்டிங்ஸுக்குச் சென்று, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவிடுங்கள். அந்த பாஸ்வேர்டு மகனுக்குத் தெரிய வேண்டாம்.