குறை என் மனதில்தானா?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 34. ஆறு வருடமாக ஒப்பந்த ஊழியர். நிரந்தர ஊழியர்கள் செய்யும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் பாதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்தத் தேதி நெருங்கினால் தூக்கம் போய்விடும், வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுவேன். அதனால்தான் ஓர் ஆலோசகரிடம் போனேன். நான்கு அமர்வு முடிந்தது. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், கொஞ்சம் உதவுகிறது. ஆனால் வேலையைப் பற்றி வாயெடுத்தாலே, “அது நம்ம கையில இல்லையே, நம்ம எண்ணத்தைத்தானே மாத்த முடியும்” என்கிறார். போன முறை நான் அழுதுகொண்டிருந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதன்பிறகு எல்லாவற்றுக்கும் “சரிங்க மேடம்” என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மேலாளரிடம் ஆட்டும் அதே தலையாட்டல். குறை என் மனதில்தானா? ஆளை மாற்றிவிடட்டுமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

வேலை இருக்குமா இருக்காதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை காத்திருப்பவருக்குத் தூக்கம் எப்படி வரும்? உங்கள் உடம்பு கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. எல் சால்வடோரில் பணியாற்றிய உளவியலாளர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ, சமூகம் தரும் துயரத்துக்குத் தனிமனிதரின் தலைக்குள் மட்டும் காரணம் தேடுவதைக் கடுமையாக எதிர்த்தவர். 1989-ல் ராணுவத்தினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதற்காக மூச்சுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். உடம்பு தணிந்தால்தான் யோசிக்க முடியும். நானாக இருந்தால் கூடவே சில கேள்விகளும் கேட்டிருப்பேன். உங்களைப் போல அங்கே எத்தனை பேர்? இதைப் பற்றி உங்களுக்குள் பேசியதுண்டா? பாதிச் சம்பளம் வாங்கி வாங்கி, ‘நான் பாதி ஆள்தான்’ என்று எப்போது நம்பத் தொடங்கினீர்கள்? பெரும்பாலும் கடைசிக் கேள்வியில்தான் கண் கலங்கும். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ சங்கத்தையோ பார்க்கச் சொல்வதும் எங்கள் வேலைதான் என்பது என் கட்சி. எங்கள் தொழிலில் எல்லோரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி அந்தத் தலையாட்டல். ஆலோசனை அறையிலும் அதிகாரம் உண்டு. நேரத்தை முடிவு செய்வது நாங்கள், குறிப்பு எழுதுவது நாங்கள், அழுவது நீங்கள். 1979-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின், ஆலோசகருக்கும் வருபவருக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு. உங்களுக்கு இரண்டாவதே இடிக்கிறது. அவர் பதற்றத்தைக் குறைக்கப் பார்க்கிறார், நீங்களோ நடப்பது அநியாயம் என்று ஒருவராவது சொல்லட்டும் என்று போயிருக்கிறீர்கள்.

கடிகாரத்தை நானும் பார்த்திருக்கிறேன். “அவசரமா மேடம்?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். முகம் சுருங்கிப்போனது எனக்கு. மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் மனம்விட்டுப் பேசினார். இப்போது கடிகாரம் வருபவரின் தலைக்குப் பின்னால் தொங்குகிறது. (தந்திரம்தான்!)

ஆகவே உடனே மாற்ற வேண்டாம். அடுத்த அமர்வில் உட்கார்ந்ததும் சொல்லுங்கள்: “போன வாரம் நான் அழுதப்ப நீங்க கடிகாரத்தைப் பார்த்தீங்க. அதுக்கப்புறம் நான் சும்மா தலையாட்டினேன்.” பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். ‘இன்னும் சொல்லுங்க’ என்று கேட்டால் இருங்கள். விரிசலைச் சேர்ந்து ஒட்டிய பிறகு சிகிச்சை வேகம் பிடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க’ என்று மூடிவிட்டால் தாராளமாக வேறு ஆளைப் பாருங்கள். அவருக்கு நீங்கள் எந்தக் கடனும் படவில்லை.

ஒன்று மட்டும்: வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த அமர்வு வரை பொறுக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நேரில் சொல்ல வாய் வராவிட்டால் எழுதிக் கொண்டுபோய் வாசியுங்கள். எனக்கு எழுதிய கடிதமே போதும்.