பிட்ச்: சுருதி முதல் கீல் வரை – கேள்வி பதில்

"பிட்ச்" என்ற ஆங்கிலச் சொல் சங்கீத வகுப்பிலும் கிரிக்கெட் மைதானத்திலும் கடற்கரை விடுதியிலும் வெவ்வேறு பொருளில் அடிபடுகிறது. திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்கு, சங்கீதமும் ஆங்கிலமும் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் தருகிறார்.

ரீச்சர், "ஹை பிட்ச்" என்றால் சத்தமாகப் பாடுவதா? – மாணவி, உவர்மலை

இல்லை பிள்ளை. சத்தம் வேறு, சுருதி வேறு. ஒலி ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதைப் பொறுத்தது பிட்ச். காதோரம் வரும் நுளம்பின் ரீங்காரம் மிக மெல்லியது. ஆனால் சுருதி உயர்ந்தது. தவிலின் தொப்பியில், அதாவது குச்சியால் அடிக்கும் பக்கத்தில், விழும் அடி தெருமுனை வரை கேட்கும், சுருதியோ தாழ்ந்தது. அதிர்வு இரட்டித்தால் கீழ் ஸட்ஜம் ("ஸ") மேல் ஸட்ஜம் ஆகிவிடும். மேற்கத்திய இசைக்குழுக்கள் பொதுவாக "ஏ" ஸ்வரத்தை 440 ஹேர்ட்ஸில் (விநாடிக்கு 440 அதிர்வு) நிறுத்திச் சுருதி சேர்க்கின்றன. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாடுகிறவரின் குரல் எங்கே வசதியாக நிற்கிறதோ அங்கே ஸட்ஜத்தை வைத்துக்கொள்ளலாம். நம் சங்கீதம் தந்த பெரிய கொடை இது.

என் மகனுக்கு எட்டு வயது. "பிட்ச் நிற்கவில்லை, இவனுக்குப் பாட்டு வராது" என்று வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். உண்மைதானா? – ஒரு தாய், தம்பலகாமம்

அம்மா, இதைப் படித்ததும் மனம் கொதித்தது. சுருதி பேதத்தைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மிகச் சிலர்தான். எட்டு வயதுப் பிள்ளையை ஒரு வகுப்பில் கேட்டுவிட்டு அந்தத் தீர்ப்பை எழுத யாருக்கும் உரிமை இல்லை.

முதலில் வகுப்பில் எத்தனை கட்டையில் பாடவைத்தார்கள் என்று கேளுங்கள். ஆர்மோனியத்தில் "சி" 1 கட்டை, "ஜி" 5 கட்டை. இடையில் வரும் கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்போம். ஆண்களில் பலருக்கு 1 அல்லது 2 கட்டை வசதி. பெண்களும் சிறுவர்களும் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டியே பாடுவார்கள். ஆசிரியர் தன் குரலுக்கு வசதியான சுருதியை வைத்துக்கொண்டு பிள்ளையையும் அதிலேயே பாடச் சொன்னால், மேல் ஸட்ஜத்தில் பிள்ளை கத்தும், கீழே இறங்கினால் குரலே வராது. கேட்பவர்கள் "பிட்ச் இல்லை" என்பார்கள்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். மகனைச் சிரமப்படாமல் "ஆ" என்று இழுக்கச் சொல்லுங்கள். அந்த ஒலிக்குப் பொருந்தும் கட்டையைத் தேடிப் பிடித்து, சுருதிப் பெட்டியை அதில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு ஸட்ஜமும் பஞ்சமமும் ("ப") மட்டும் போதும். பாடுவதற்கு முன் கண்ணை மூடிச் சுருதியைக் கேட்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள். கேட்கப் பழகிய காதுக்குக் குரல் தானாக இணங்கி வரும்.

எங்கள் விடுதிக்கு வந்த ஒருவர் "பிட்ச் இருக்கிறதா?" என்றார். மைதானத்துக்கு வழி காட்டினேன், சிரித்துவிட்டார். – நிலாவெளி

கூடாரம் அடிக்க இடம் கேட்டிருக்கிறார் தம்பி. கூடாரம் அடிப்பதும் பிட்ச், அடிக்கும் இடமும் பிட்ச். பிரித்தானியாவில் தெருவோர வியாபாரி கடை விரிக்கும் இடத்துக்கும் அதே பெயர்தான். திமிங்கிலம் காட்டப் படகில் அழைத்துப்போகிறவர்கள் பயணிகளிடம் எடுத்துச் சொல்லி ஆள் சேர்க்கிறார்களே, அந்தப் பேச்சு "சேல்ஸ் பிட்ச்".

கிரிக்கெட்டில் பிட்ச் என்பது முழு மைதானமா? – மூதூர்

இல்லை. விக்கெட்டுகளுக்கு இடையே உள்ள 22 யார் நீள ஆடுகளம் மட்டும். பந்து அதில் விழுந்து எழுவதையும் "பிட்ச் ஆகிறது" என்கிறோம். காற்பந்து, ஹொக்கி போன்ற ஆட்டங்களில் ஆங்கிலேயர் முழுத் திடலையும் பிட்ச் என்பார்கள்.

படகு "பிட்ச்" ஆகிறது என்கிறார்கள். "பிட்ச் டார்க்" என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா ரீச்சர்? – கடற்றொழிலாளி, சல்லி

இல்லை அண்ணா, எழுத்து ஒன்று, வேர் இரண்டு. அலையில் அணியம் (படகின் முன்புறம்) எழும்பப் பின்புறம் தாழ்ந்து, பின்புறம் எழும்ப அணியம் தாழ்வது பிட்ச். பக்கவாட்டில் சாய்ந்தாடுவது ரோல். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டையும் உடம்பால் அறிந்தவர் நீங்கள். இருட்டைக் குறிக்கும் பிட்ச் வேறு சொல்: மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நீர் புகாமல் பூசும் கீல். அதன் கறுப்பை வைத்து ஆங்கிலேயர் "பிட்ச் டார்க்" என்றார்கள். நாம் கண் மையை வைத்து மையிருட்டு என்கிறோம்.

மார்கழியில் திருவெம்பாவைக்கு வாசிக்கும்போது மிருதங்கத்தின் பிட்ச் இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்? – இளைஞர், உப்புவெளி

வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த மாதம் அது. ஈரம் ஏறினால் தோல் தளரும், சுருதி இறங்கும். கச்சான் காற்றுக் காலத்தில் தோல் காய்ந்து சுருதி ஏறுவதையும் கவனித்திருப்பீர்கள். வாத்தியத்தை வெறும் தரையிலோ ஈரச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். உறையோடு பலகை மேல் வையுங்கள். அடுப்பருகே காய்ச்ச வேண்டாம், தோலின் நடுவில் உள்ள கறுப்பு வட்டமான கரணை வெடித்துவிடும். வாசிக்கும் முன் வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) விளிம்புப் பின்னலில், தோலின் பக்கமிருந்து கல்லும் குச்சியும் வைத்து மெதுவாகத் தட்டினால் சுருதி ஏறும். எதிர்த் திசையில் தட்டினால் இறங்கும். ஒரு புள்ளியில் தட்டினால் அதற்கு நேரெதிர்ப் புள்ளியிலும் தட்டி, ஒவ்வொரு முறையும் சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். கோயிலுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய், அந்த இடத்துக் காற்றில் தோல் ஆறிய பிறகு மறுபடியும் ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள்.