வீட்டு டிவிடியில் தமிழ்ச் சப்டைட்டில்: கேள்வி பதில்

கல்யாணம், காதணி விழா, பெரியவர்களின் பேச்சு என வீட்டில் எடுத்த வீடியோக்களை டிவிடியாக்கிச் சப்டைட்டில் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

எங்கள் டிவிடி பிளேயர் பழையது. அதில் தமிழ் எழுத்துரு இருக்காதே?

இருக்கத் தேவையில்லை அம்மா. டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாகப் பதிவாவதில்லை, படமாகப் பதிவாகிறது. ஒவ்வொரு வரியையும் உங்கள் கணினியே வரைந்து முடித்துவிடும். பிளேயர் அந்தப் படத்தைக் காட்சியின் மேல் காட்டுகிறது, அவ்வளவுதான். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவது, ஏவிஐ என்ற வீடியோ கோப்பையும், சப்டைட்டில் வரிகளும் அவற்றின் நேரமும் எழுத்தாக உள்ள எஸ்ஆர்டி கோப்பையும் வெறும் டேட்டா டிஸ்க்காக எழுதும்போதுதான். அங்கே எழுத்தைக் கோக்கும் வேலை பிளேயருடையது. பல பிளேயர்களுக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது.

டிவியில் ‘பாட்டி’ என்பது ‘பாடடி’ என்று தெரிகிறது. தட்டச்சில் பிழை இல்லையே?

உங்கள் மேல் தவறில்லை, ‘ட்’ மேலுள்ள புள்ளி தொலைந்துவிட்டது. நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியின் படம் 720க்கு 576 பிக்சல்கள்தான், அதாவது அவ்வளவு சிறு கட்டங்கள்தான். சப்டைட்டில் படத்துக்கு ஒரு நேரத்தில் நான்கே நிறங்கள். அவற்றில் ஒன்று பின்னணிக்காக ஒளிபுகும் நிறமாகப் போய்விடும். எழுத்து சிறியதாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி ஒற்றைக் கோடாகச் சுருங்கி, மினுக்கி, மறைந்துபோகும். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. தடித்த எழுத்துருவை 32 அளவுக்குக் குறையாமல் வையுங்கள். வெள்ளை எழுத்து, கருப்பு விளிம்பு. பழைய பெட்டி டிவிகள் ஓரத்தை வெட்டிவிடும் என்பதால் நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். டிஸ்க்கில் எழுதுமுன் ‘க்’, ‘ட்’, ‘ஃ’ வரும் வரிகளை டிவியிலேயே பார்த்துவிடுங்கள்.

தொடக்கத்தில் சரியாக வரும் சப்டைட்டில் போகப் போகத் தாமதமாகிறது. ஏன்?

உங்கள் சப்டைட்டில் கோப்பு, நேரத்துக்குப் பதில் பிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) எண்ணைக் குறிக்கும் கோப்பாக இருக்கும். நொடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவுக்கு எழுதியதை மென்பொருள் 23.976 என்று படித்தால், ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கும். மொத்தமாக முன்னே தள்ளிப் பயனில்லை. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் முதல் வரியையும் கடைசி வரியையும் காட்சியோடு பொருத்துங்கள். நடுவில் உள்ளவை தாமாகச் சரியாகும்.

விசிடியில் சேர்க்க முடியுமா?

தனியாக முடியாது. காட்சியிலேயே பதித்தாக வேண்டும்; பிறகு மறைக்கவும் இயலாது.

எழுதி முடித்த டிவிடியில் இப்போது சேர்க்கலாமா?

அதே டிஸ்க்கில் முடியாது. கணினிக்கு நகலெடுத்து, டிவிடிஸ்டைலர் போன்ற மென்பொருள் ஒன்றில் சப்டைட்டிலைச் சேர்த்துப் புது டிஸ்க்கில் எழுதுங்கள். காட்சியை மறுபடி சுருக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளும் தேர்வு அதில் உண்டு. தரம் குறையாது.

அப்பா பேசியது முழுக்க நெல்லைப் பேச்சு. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காகத் திருத்தி எழுதலாமா?

தயவுசெய்து திருத்தாதீர்கள் ஐயா. அவர் “ஏலே” என்று கூப்பிட்டால் “ஏலே” என்றே எழுதுங்கள். ஒரு டிவிடியில் 32 சப்டைட்டில்கள் வரை வைக்கலாம். ஒன்றில் அவர் பேச்சை அப்படியே வையுங்கள், மற்றொன்றில் ஆங்கிலம். சொல் புரியாத பிள்ளை ரிமோட்டை அழுத்தி மாற்றிக்கொள்ளும். படமாகிவிட்ட சப்டைட்டிலைப் பிறகு எளிதில் திருத்த முடியாது. ஆகவே எஸ்ஆர்டி கோப்புகளை அதே டிஸ்க்கில் தனி ஃபோல்டரில் போட்டுவையுங்கள். பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது.