மிளகுக் கொடி பதினைந்து நாளில் காய்ந்துவிட்டது, வண்டி வராத ஊரில் என்ன செய்வது?

கேள்வி: ஐயா வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில் எங்கள் ஊர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும், சாமான் எல்லாம் குதிரையில்தான் வரும். காப்பித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரங்களில் 300 மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறேன். தீபாவளி மழைக்குப் பிறகு 9 கொடிகள் பதினைந்தே நாளில் இலை கொட்டிக் காய்ந்துவிட்டன. பக்கத்தில் சில கொடிகளில் இலை கறுக்கிறது. கடையில் யூரியாவும் குருணை மருந்தும் போடச் சொல்கிறார்கள். ஒரு சுமைக்குக் குதிரை வாடகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதால் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: வணக்கம் தம்பி. கேட்டது நல்லதாகப் போயிற்று. யூரியாவும் வேண்டாம், குருணையும் வேண்டாம். அந்தக் காசை வேறு பொருள்களுக்கு வைத்திருங்கள், சொல்கிறேன்.

நீங்கள் சொல்கிற வேகத்தைப் பார்த்தால் இது விரைவு வாடல் நோய், ஃபைட்டோப்தோரா என்ற பூஞ்சாண வகைக் கிருமியால் வருவது. ஆனாலும் ஒரு தடவை கையால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ந்த கொடியின் தூரடியில் மண்ணை ஒரு சாண் விலக்கிவிட்டு, தண்டின் தோலை நகத்தால் கீறினால் உள்ளே கறுப்பாக, வழவழவென்று இருக்கும், சல்லி வேரை உருவினால் தோல் கையோடு வந்துவிடும். கறுக்கிற இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், புள்ளியின் ஓரம் நேர்க்கோடாக இல்லாமல் நூல் பிரிந்த துணி ஓரம் மாதிரி இருக்கும். பெரும்பாலும் தரையில் படர்ந்து ஓடும் கொடியின் இலையில்தான் அது முதலில் தெரியும், ஏனென்றால் மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது கிருமியும் சேர்ந்து தெறிக்கிறது. இதெல்லாம் இல்லாமல், இலை மெதுவாக மஞ்சளாகி, வருஷக் கணக்கில் கொடி மெலிந்துகொண்டே வந்து, வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழுவோடு சேர்ந்த மெல்ல வாடல். அதற்கு வைத்தியம் வேறு, அப்படித் தெரிந்தால் திரும்ப எழுதுங்கள்.

குருணை பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் கொடுப்பது என்ன குருணை என்று எனக்குத் தெரியாது, ஆனால் மலையில் பல வீடுகளில் போரேட் பாக்கெட் பழசு இன்னும் பரணில் கிடக்கிறது. அது 2020 கடைசியோடு தடை செய்யப்பட்ட கடும் விஷம். அது புழு பூச்சிக்கான மருந்து, இந்த நோய்க்குக் கேட்கவே கேட்காது. தவறி உடம்புக்கு ஏதாவது ஆனால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய ஊர் உங்களுடையது. தயவுசெய்து தொடாதீர்கள். யூரியா இப்போது போட்டால் இளந்தளிர் குபுகுபுவென்று வரும், அந்தத் தளிர்தான் நோய்க்கு முதல் இரை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. செத்த 9 கொடிகளையும் வேரோடு எடுத்து அதே இடத்தில் எரித்துவிடுங்கள், தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. கீழே கொட்டிய பச்சைச் சரத்தையும் நல்ல மிளகோடு கலக்க வேண்டாம், முற்றாத காய் சொத்தையாகி மொத்த மூட்டையின் விலையைக் குறைத்துவிடும். அப்புறம் அந்த இடத்துக்கு மேல்பக்கம் மண்வெட்டியால் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி, மழைத்தண்ணீர் செத்த கொடியின் குழியைத் தொடாமல் ஓரமாக ஓடையில் போய் விழும்படி திருப்பிவிடுங்கள். மலைச்சரிவில் இந்த நோய் தண்ணீரோடு கீழே இறங்கும். நீங்கள் சொன்ன 9 கொடிகளும் ஒரே சரிவில் மேலிருந்து கீழாக இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும். அடுத்தது அதற்கும் கீழே உள்ள கொடிதான். மண்வெட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டு மற்ற பக்கம் போங்கள். காலில் ஒட்டும் சேற்றிலும் கிருமி போகும், அதனால் நோய் வந்த பக்கத்து வேலையை நாளின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து என்று பார்த்தால், இலை கறுத்த கொடிகளும் அவற்றைச் சுற்றி இருப்பவையுமாக ஒரு 30 கொடிக்கு மட்டும் மெட்டலாக்சிலும் மாங்கோசெப்பும் கலந்து வரும் தூளை லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் கரைத்து, கொடிக்கு 5 லிட்டர் தூரில் ஊற்றுங்கள். மொத்தம் 150 லிட்டர் தண்ணீர், 190 கிராம் தூள், அவ்வளவுதான். மருந்து வாங்கி வரும்போது அரிசி பருப்போடு ஒரே பையில் போடாதீர்கள்.

300 கொடிக்கும் சேர்த்து ஒரு சதவீத போர்டோ கலவை தெளிக்க வேண்டும், மழை விட்டு வெறிக்கும் ஒரு காலைப் பொழுதில். கொடிக்கு 2 லிட்டர் வைத்தால் 600 லிட்டர், அதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 6 கிலோ, சுண்ணாம்பு 6 கிலோ. இரண்டையும் கீழே கடையிலேயே 100 கிராம் பொட்டலமாகக் கட்டச் சொல்லி வாங்குங்கள், மேலே தராசு தேட வேண்டியதில்லை, 10 லிட்டர் டேங்குக்கு இரண்டிலும் ஒவ்வொரு பொட்டலம். சுட்ட சுண்ணாம்பு என்றால் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில்தான் வர வேண்டும். வழியில் மழை நனைத்தால் கொதித்துக் குதிரையின் முதுகைப் புண்ணாக்கிவிடும். பிளாஸ்டிக் வாளி இரண்டில் தனித்தனியாக 5 லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்றக் கூடாது. நன்றாகத் தீட்டின அரிவாளை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள், செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கலந்ததை அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும். 600 லிட்டரை ஓடையிலிருந்து சுமக்க முடியாது என்றால், தோட்டத்து உச்சியில் ஒரு மீட்டர் நீள அகல ஆழத்துக்குக் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்துவிடுங்கள், ஆயிரம் லிட்டர் மழைத்தண்ணீர் நிற்கும். குழந்தைகளும் மாடுகளும் விழாமல் சுற்றி முள் போட்டுவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து ட்ரைக்கோடெர்மா, நோய்க் கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சாணம் இது. கொடிக்குக் கொடி தூளாகவே போடுவதானால் 15 கிலோ சுமக்க வேண்டும், அதை நீங்கள் மேலேயே பெருக்கிக்கொள்ளலாம். நன்றாக மக்கின சாணி எரு 270 கிலோ உங்கள் கொட்டிலிலேயே இருக்கும், அதோடு வேப்பம்புண்ணாக்கு 30 கிலோ, ட்ரைக்கோடெர்மா 3 கிலோ கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரத்தில் நிழலில் குவித்துச் சாக்கால் மூடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் பதினைந்து நாளில் குவியல் முழுக்கப் பச்சைப் பூசணம் படரும். தூருக்கு ஒரு கிலோ வைத்து இலைச்சருகு மூடுங்கள். மேலே சொன்ன மருந்துகளைப் போட்ட கையோடு இதைப் போட்டால் இதுவும் செத்துவிடும், அதனால்தான் இடைவெளி சொல்கிறேன்.

கூட்டிப் பார்த்தேன், வாங்கி வர வேண்டியது எல்லாம் சேர்ந்து 45 கிலோ சொச்சம். ஒரே குதிரைச் சுமை. யூரியா மூட்டையும் ஏறக்குறைய அதே எடைதான்.

மழை முடிகிற வரை கொடியைச் சுற்றிக் கொத்த வேண்டாம், புல்லை அறுத்து மட்டும் விடுங்கள். தரையில் ஓடும் கொடிகளை எடுத்து மரத்தோடு கட்டுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன், மே மாதத்தில் சில்வர் ஓக்கின் பக்கக் கிளைகளைக் கழித்து வெயில் உள்ளே வர விட்டு, போர்டோ கலவையையும் ஒரு தடவை தெளித்துவிடுங்கள். பறிப்புக்கு முந்தின ஒரு மாதம் எதுவும் தெளிக்காதீர்கள்.

காலியான 9 இடத்துக்கு நர்சரி நாற்று வாங்காதீர்கள். ஒவ்வொரு பையும் மண்ணோடு ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், அந்த மண்ணிலேயே நூற்புழுவும் வரலாம். தோட்டத்தின் மறுகோடியில், நோய் எட்டாத நல்ல காய்ப்புக் கொடியிலிருந்து பிப்ரவரி, மார்ச்சில் ஓடுகொடி எடுத்து நீங்களே பதியம் போடுங்கள். ஊரில் யாராவது உங்களிடம் கொடி கேட்டால் இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிற யாராவது இருந்தால், நோய் கண்ட, இன்னும் சாகாத கொடியின் வேரும் ஒரு கைப்பிடி மண்ணும் பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் கொடுத்தனுப்புங்கள். காய்ந்த வேர் வேண்டாம், அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.