டிஸ்ப்ளே மாத்தியாச்சு, டச் போச்சு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, "டிஸ்ப்ளே மாற்றினேன், அன்றிலிருந்து..." என்றுதான் தொடங்குகின்றன. மாடல் பெயரே எழுதாமல் "என் போனில் டச் சரியில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒற்றை வரியில் கேட்ட ஏழெட்டுப் பேருக்கு இங்கே பதில் இல்லை. வைத்தியரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் எந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்? மாடல், எப்போது மாற்றியது, என்ன வகை டிஸ்ப்ளே, தொந்தரவு எப்போது வருகிறது, இந்த நான்கும் இல்லாமல் எழுதாதீர்கள்.

கேள்வி: புது காம்போ (திரையும் டச்சும் சேர்ந்த பாகம்) போட்ட பிறகு, கால் பேசும்போது திரை கருப்பாகிவிடுகிறது. காதிலிருந்து எடுத்தாலும் திரும்ப வருவதில்லை. அழைப்பைத் துண்டிக்கவே முடியவில்லை.

ப்ராக்ஸிமிட்டி சென்சார், அதாவது காது பக்கத்தில் வந்ததை அறிந்து திரையை அணைக்கிற சென்சார். முதலில் டெம்பர் கிளாஸை உரித்துவிட்டுப் பாருங்கள். பத்தில் இரண்டு மூன்று போன்கள் அங்கேயே சரியாகிவிடும். அப்புறம் டயல் பேடில் எண் தட்டி சென்சார் டெஸ்ட். சாம்சங் என்றால் *#0*#, ஷாவ்மி என்றால் *#*#6484#*#*. கையை மேலே கொண்டுபோய் எடுக்கும்போது அளவு மாற வேண்டும். எப்போதும் 'அருகில்' என்றே காட்டினால் சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, குருடாகியிருக்கிறது.

இந்தச் சென்சாரில் அகச்சிவப்பு ஒளியை விடுவதற்கு ஒன்று, திரும்பி வருவதைப் பிடிப்பதற்கு ஒன்று என்று இரண்டு கண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பல மாடல்களில் இரண்டுக்கும் நடுவே அரிசி அளவுக்கு ஒரு கருப்பு ரப்பர் தடுப்பு இருக்கும். அது இல்லையென்றால், விட்ட ஒளி கண்ணாடியின் உட்புறத்தில் பட்டு நேராகப் பக்கத்துக் கண்ணுக்குள் போய்விடும். காது பக்கத்திலேயே இருக்கிறது என்று போன் நம்பிக்கொண்டிருக்கும்.

அந்த ரப்பர் எங்கே போனது? உங்கள் பழைய உடைந்த டிஸ்ப்ளேவோடு கடைக்காரரின் குப்பைக் கூடைக்குப் போனது. என்னைக் கோபப்படுத்துவது இதுதான், இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். தனியாக விற்கிற காம்போ என்பது பெரும்பாலும் திரையும் டச்சும் மட்டும்தான். பழையதில் ஒட்டிக்கொண்டிருக்கிற சென்சார் ரப்பர், இயர்பீஸ் வலை, பின்புற உலோகத் தகடு, எர்த்துக்காக ஒட்டியிருக்கும் செம்பு டேப், சில மாடல்களில் சென்சார் ஸ்ட்ரிப் (வளைகிற மெல்லிய கேபிள்) எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி புதியதில் ஏற்ற வேண்டும். இடுக்கி பிடித்துப் பொறுமையாகச் செய்தால் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம்தான் யாரிடமும் இல்லை. நான் தொழில் பழகிய நாளில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு போனின் இயர்பீஸ் வலையைப் பழைய டிஸ்ப்ளேவோடு வீசிவிட்டு, சத்தம் கரகரக்கிறது என்று ஸ்பீக்கரை இரண்டு முறை மாற்றினேன். உள்ளே தூசி போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து, போனை ஒட்டி மூடி ஒரு நாள் முழுக்க ஓடும் வரை பழைய டிஸ்ப்ளே என் மேசையை விட்டுப் போகாது.

ஆகவே, எல்லோருக்கும்: பழைய டிஸ்ப்ளேவைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, கம் போட்டு ஒட்டும் முன், கனெக்டரை மாட்டி எல்லாச் சென்சாரையும் உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு மறுபடி திறந்தால் புதுத் திரையும் போகலாம்.

அதுவரைக்கும் அழைப்பைத் துண்டிக்க, ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புகளில் 'பவர் பட்டன் அழைப்பை முடிக்கும்' என்பதை ஆன் செய்யுங்கள். ஒரு விஷயம்: சில மாடல்களில் இந்தச் சென்சாரே கிடையாது. டச், அசைவு, ஒலி அலை இவற்றை வைத்து ஊகம் செய்பவை அவை. அங்கே ரப்பரைத் தேடிப் பயனில்லை.

கேள்வி: சார்ஜ் போட்டால் மட்டும் திரை தானாக டச் ஆகிறது. எழுத்துகள் தாமாக விழுகின்றன. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பேயெல்லாம் இல்லை, சார்ஜர். டச் திரை அளப்பது மிக நுண்ணிய மின்தேக்க மாற்றத்தை. மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின்இரைச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தால், விரல் எது, இரைச்சல் எது என்று டச் ஐசிக்கு (தொடுகையைக் கணக்கிடும் சிப்) குழப்பம். வேறொரு நல்ல சார்ஜரும் கேபிளும் போட்டுப் பாருங்கள். பவர் பேங்கில் போட்டால் சரியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், சார்ஜரைத் தூக்கி எறியுங்கள்.

நல்ல சார்ஜரிலும் தொடர்ந்தால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, டச் ஐசியின் தரம் குறைந்த காப்பி டிஸ்ப்ளே. இன்னொன்று, மேலே சொன்ன அதே செம்பு டேப்போ தகடோ திரும்ப ஒட்டப்படவில்லை. பழைய டிஸ்ப்ளேவை வாங்கி வைத்திருக்கிறீர்களா?

கேள்வி: சார்ஜ் போடாமலே தானாக டச் ஆகிறது. திரையின் நடுப்பகுதி லேசாக மேலே எழும்பின மாதிரி தெரிகிறது. கையால் அழுத்தினால் சரியாகிறது.

அழுத்தாதீர்கள்! பேட்டரி உப்பியிருக்கிறது. பின்பக்கத்தைச் சமதளத்தில் வைத்து ஒரு மூலையைத் தட்டிப் பாருங்கள், கேமரா மேட்டால் இல்லாமல் ஆடினால் அதுவேதான். உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், பேட்டரியை மாற்றுங்கள். இது டச் பிரச்சினை இல்லை, தீப்பிடிக்கிற பிரச்சினை.

கேள்வி: திரைக்குள்ளே இருந்த கைரேகை டிஸ்ப்ளே மாற்றியதும் வேலை செய்யவில்லை. கடையில் "சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் சரியாகும்" என்கிறார்கள்.

வராது, சரியாகாது. உங்களுக்குத் தானே ஒளிரும் ஓஎல்இடிக்குப் பதிலாக, பின்னால் விளக்கு (பேக்லைட்) வேண்டிய எல்சிடி வகைக் காப்பியை மாட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். திரைக்குள் இருக்கும் ஒளிவகைக் கைரேகைக்கு, திரையே விளக்காக எரிந்து விரலை ஒளிரச் செய்ய வேண்டும். திரும்பி வரும் ஒளி திரையின் ஊடாக அடியிலுள்ள கேமராவுக்குப் போக வேண்டும். எல்சிடியின் பின்னால் பேக்லைட் தாள்கள் அடுக்கி இருக்கின்றன. சுவரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு படம் பார்க்க முடியுமா? கருப்புப் படம் ஒன்றை முழுத்திரையில் வைத்து இருட்டறையில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒளி கசிந்தால் எல்சிடி.

ஓஎல்இடியே போட்டிருந்தும் வேலை செய்யவில்லையா? பழைய ரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். பல மாடல்களுக்குத் திரை மாற்றியதும் சென்சாரை கேலிபரேஷன் (அளவுத் திருத்தம்) செய்தாக வேண்டும். 2019-இல் கேலக்ஸி எஸ்10-இல் வந்த அல்ட்ராசோனிக் வகை என்றால் டெம்பர் கிளாஸின் அடியிலுள்ள காற்று இடைவெளியே போதும், ஒலி அலை தாண்டாது.

கேள்வி: ஐபோன் 11. திரை மாற்றினேன், ஃபேஸ் ஐடி போய்விட்டது. முன்பக்கக் கேமரா நன்றாகத்தான் வேலை செய்கிறது. கேமராவை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. ஐபோன் எக்ஸ் முதல் 12 வரை, முகத்தின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிற விளக்கு, இயர்பீஸோடு சேர்ந்த ஒரு மெல்லிய ஸ்ட்ரிப்பில், பழைய திரையின் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதைச் சூடு காட்டிப் பதமாக எடுத்துப் புதியதில் ஒட்ட வேண்டும். அந்த ஸ்ட்ரிப் உங்கள் போனின் போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. கிழிந்தாலோ, வேறொரு போனின் ஸ்ட்ரிப்பைப் போட்டாலோ பேச்சு, வெளிச்சம் எல்லாம் வரும், ஃபேஸ் ஐடி மட்டும் வராது. உங்களுடைய பழைய ஸ்ட்ரிப் முழுசாக இருந்தால் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். கிழிந்திருந்தால், அந்த விளக்கை மட்டும் பெயர்த்து வேறு ஸ்ட்ரிப்பில் சால்டர் செய்கிற நுண்வேலைக்காரர் யாராவது வேண்டும். பழைய திரை எங்கே என்று மறுபடியும் கேட்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஐபோன் 13-இன் கதை வேறு. அது வந்த புதிதில் திரையை வெளிக்கடையில் மாற்றினாலே ஃபேஸ் ஐடி முடங்கியது. எதிர்ப்பு வந்த பிறகு 2021 இறுதியில் ஐஓஎஸ் 15.2-இல் ஆப்பிள்காரர்கள் அதை விட்டுக்கொடுத்தார்கள்.

கேள்வி: 'அறியப்படாத பாகம்' என்று ஐபோன் காட்டிக்கொண்டே இருக்கிறது. போன் கெட்டுவிடுமா?

கெடாது. ட்ரூ டோன் (சுற்றுவெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றுவது) இல்லாமல் போகலாம், அவ்வளவுதான்.

கேள்வி: திரை மாற்றி மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. நேற்று அப்டேட் போட்டேன், டச் முழுசாகச் செத்துவிட்டது. ஃபேக்டரி ரீசெட் செய்யட்டுமா?

செய்யாதீர்கள், உள்ளே இருக்கிற படங்களும் போய்விடும். காப்பி திரைகளில் டச் ஐசி வேறு கம்பெனியுடையதாக இருக்கும். புது மென்பொருள் எதிர்பார்க்கிற ஐசி அது இல்லையென்றால் பேச்சுவார்த்தையே நடக்காது. 2018-இல் ஐஓஎஸ் 11.3 போட்டதும் திரை மாற்றிய ஐபோன் 8-களில் டச் போனது நினைவிருக்கலாம்; 11.3.1-இல் அதைச் சரிசெய்தார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படி இரக்கப்படாது.

ஆண்ட்ராய்டு என்றால், ஓடிஜி (யூஎஸ்பி கருவிகளைப் போனில் மாட்டும் அடாப்டர்) வழியாக ஒரு சாதாரண யூஎஸ்பி மவுஸைச் சொருகுங்கள். திரையில் அம்பு தெரியும். அதை வைத்துத் தகவல்களை எல்லாம் நகல் எடுத்துவிடுங்கள். அப்புறம் வேறு தரமான திரை. காப்பி திரை போட்டவர்கள் எந்த அப்டேட்டையும் முதல் நாளே போடக் கூடாது. காப்பு நகல் எடுக்காமல் போடவே கூடாது.

கேள்வி: திரையின் ஒரு ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு முழுக்க டச் இல்லை.

ஆண்ட்ராய்டு அமைப்புகளில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'பாயிண்டர் லொகேஷன்' ஆன் செய்து திரை முழுக்க விரலால் கோடு இழுங்கள். அந்தப் பட்டையில் கோடு அறுபட்டால், போனைப் பக்கவாட்டில் திருப்பி மறுபடி இழுங்கள். கண்ணாடியில் அதே இடத்திலேயே அறுந்தால் பாகம் பழுது, வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்ட்ரிப்பைக் கோணலாக மடித்திருக்கலாம், திரையிலேயே குறை இருக்கலாம். வீட்டில் கத்தியை விட்டு நெம்பாதீர்கள்.

கேள்வி: நான் சர்வீஸ் கற்றுக்கொள்கிறேன். புது டிஸ்ப்ளே மாட்டினேன், டச் வேலை செய்கிறது, படம் மட்டும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறது. டிஸ்ப்ளே கெட்டதா?

தம்பி, டிஸ்ப்ளே இருக்கட்டும், பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றினாயா? கழற்றியிருக்க மாட்டாய். பேக்லைட் லைனில் 20 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும். பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே டிஸ்ப்ளே கனெக்டரைச் சாய்த்து மாட்டினால், பக்கத்துப் பின்னோடு உரசி அந்த லைனில் இருக்கிற ஃபில்டரோ ஃபியூஸோ அடித்துவிடும். இன்னொரு டிஸ்ப்ளே வாங்கி அதையும் இதே மாதிரி மாட்டாதே. மல்டிமீட்டரை எடுத்து அந்த லைனைப் பார், அறுந்த பாகத்தை மாற்று. எத்தனை வருட அனுபவம் வந்தாலும், போனைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டர். கடைசி வேலையும் அதுதான். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொள், நீளமானதைக் குட்டையான ஓட்டையில் முறுக்கினால் போர்டுக்குள் ஓட்டை விழும்.

கேள்வி: யூவி கம் போட்ட டெம்பர் கிளாஸ் ஒட்டினேன். இப்போது எதிர்முனையில் பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

கம் இயர்பீஸ் வலைக்குள் இறங்கி உறைந்துவிட்டது. ஊசியால் குத்தினால் வலையும் கிழியும். வலையை மாற்றத்தான் வேண்டும். வால்யூம் பட்டனும் அழுந்தவில்லை என்றால் அங்கேயும் இறங்கியிருக்கிறது.

கேள்வி: திரை மாற்றிய பிறகும் ஐபி68 (தூசியும் நீரும் புகாத தரம்) உண்டா? மழையில் எடுத்துப் போகலாமா?

கிடையாது. மாற்றியவர் "அதே மாதிரி ஒட்டியிருக்கிறேன்" என்று சொன்னாலும் கிடையாது.

கேள்வி: திசைகாட்டி வடக்கைத் தெற்காகக் காட்டுகிறது. டிஸ்ப்ளே மாற்றியதால்தானே?

பின்கவரில் காந்தம் இருக்கிறதா? கழற்றிவிட்டு, போனைக் காற்றில் எட்டு வரைகிற மாதிரி நாலைந்து முறை சுழற்றுங்கள். அப்புறமும் அப்படியே என்றால் எழுதுங்கள், மாடல் பெயரோடு.

கேள்வி: டிஸ்ப்ளே மாற்றியதிலிருந்து வீடியோ பார்க்கும்போது திரை திரும்புவதில்லை. சுழலும் சென்சார் போய்விட்டது என்று மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன்.

அந்தச் சென்சார் போர்டில் இருக்கிறது, திரையில் இல்லை. மேலிருந்து விரலால் கீழே இழுங்கள். 'ஆட்டோ ரொட்டேட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்குங்கள்.