முதல் வேலை: பெரிய கம்பெனியா, தென்காசியா?

கேள்வி: அக்கா, இந்த வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். கேம்பஸில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனி (மற்ற கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து தருவது) எடுத்திருக்கிறது. சென்னையில் வேலை, வருடத்துக்கு 3,60,000. சேரும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. தென்காசியில் முப்பது பேர் இருக்கும் ஒரு ப்ராடக்ட் கம்பெனி (சொந்தமாக சாஃப்ட்வேர் செய்து விற்பது) வருடத்துக்கு 3 லட்சத்துக்கு அடுத்த மாதமே கூப்பிடுகிறது. "பெரிய கம்பெனி பேரைச் சொன்னாத்தான் நாலு பேரு மதிப்பாவ" என்கிறார் அப்பா. எதில் சேர?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தென்காசிக்குப் போங்க தம்பி. ஆனால் அதற்கு முன் ஒரு தடவை நேரில் போய், "நான் எழுதுற ப்ரோகிராமை யார் பார்த்துத் திருத்துவாங்க?" என்று கேளுங்க. ஆளைக் காட்டினால் சேருங்க. மழுப்பினால் யோசிங்க.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது அனுபவக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியா ப்ரோகிராமில் எந்தத் தப்பைச் சரிபண்ணீங்க?" என்றுதான். சுரண்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சின்னக் கம்பெனியில் இருந்தவள், சொன்னாள்: அவங்க சாஃப்ட்வேரில் கடைக்காரர் நள்ளிரவு தாண்டிப் போட்ட பில்லெல்லாம் முந்தின நாள் கணக்கில் விழுந்ததாம். சர்வர் ஓடியது யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில். நம்ம நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதனால் விடிகாலை ஐந்தரை வரை போட்ட பில் அத்தனைக்கும் முந்தின நாள் தேதி. கடைக்காரர் போனில் சத்தம் போட்டதும் இவளே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாள். அன்றைக்கே அவளை வேலைக்கு எடுத்துவிட்டோம்.

சர்வீஸ் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. இன்ஃபோசிஸ் மைசூரில் தருவதுபோலப் பயிற்சி எல்லா இடத்திலும் கிடைக்காது. அடிப்படை ஆட்டம் காண்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பயிற்சி முடிந்தபின் ஜாவாவா, டெஸ்டிங்கா, நைட் ஷிப்ட் சப்போர்ட்டா என்பது உங்கள் கையில் இல்லை. ப்ராஜெக்ட் இல்லையென்றால் பெஞ்ச், அதாவது வேலை வரும்வரை சும்மா காத்திருக்க வேண்டியதுதான்.

சம்பளக் கணக்கையும் பாருங்க. 3,60,000 என்றால் மாதம் 30,000. அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000 என்று வைத்தால், அந்த 30,000-க்குள்ளிருந்தே கம்பெனி பங்கு பி.எஃப். 1,800, உங்கள் பங்கு 1,800, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 720 சொச்சம் போய்விடும். ஐந்து வருடம் இருந்தால்தான் அந்தக் கிராஜுவிட்டி கைக்கு வரும். இரண்டு வேலைக்கும் வித்தியாசம் மாதம் 5,000-க்குள்தான். சென்னை ஹாஸ்டலும் சாப்பாடும் அதை விழுங்கிவிடும். தென்காசிக்கோ செங்கோட்டை ரயிலில் வீட்டிலிருந்தே போய் வரலாம்.

அப்பாவிடம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஜோஹோவைச் சொல்லுங்க. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் சின்னதாகத் தொடங்கியதுதான் அதுவும்.

கேள்வி: மகளுக்கு வேலை தர ஒரு கம்பெனி 1 லட்சம் டெபாசிட்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறது. கொடுக்கலாமா?
- ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: இரண்டையும் கொடுக்காதீங்கம்மா. சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் உங்களிடம் காசு கேட்கிறார்கள் என்றால் அது வேலையே இல்லை. சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். ஒரிஜினலை அன்றைக்கே கையோடு வாங்கி வந்துவிட வேண்டும்.