கனடாப் பிரதமரின் கை எங்கே எட்டும், எங்கே எட்டாது

தம்பி, நீங்கள் வந்து நான்கு மாதங்கள்தான் ஆகின்றன என்றும், அகதிக் கோரிக்கைக்கான விசாரணைத் திகதி இன்னும் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதோடு இரண்டு கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் ஜனாதிபதிக்கு உள்ள அதிகாரம் இங்கே பிரதமருக்கு உண்டா என்பது ஒன்று. அமைச்சரவையில் தமிழர் இருக்கும்போது அவரைப் பிடித்து உங்கள் கேஸை விரைவுபடுத்த முடியாதா என்பது மற்றது. இரண்டாவதற்கு 'முடியாது' என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். ஆனால் ஏன் முடியாது என்பது விளங்கினால்தான் இந்த நாட்டில் எதை யாரிடம் கேட்பது என்பது பிடிபடும். அது பிடிபடாமல் நான் முதல் மூன்று ஆண்டுகளைத் தவறான வாசல்களில் காத்திருந்து கழித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் 1993ஆம் ஆண்டு வசந்தத்தில் ரொறன்ரோவில் வந்திறங்கியபோது பிரையன் மல்ரோனி பிரதமராக இருந்தார். யூன் மாத இறுதியில் கிம் காம்ப்பெல் வந்தார். நவம்பர் தொடக்கத்தில் ஜான் கிரெத்தியென் வந்தார். ஒரே ஆண்டில் மூன்று பிரதமர்களைக் கண்ட எனக்கு, நாடு ஏதோ பெரிய குழப்பத்தில் இருக்கிறது என்றே தோன்றியது, ஏனெனில் அதே ஆண்டு மே முதலாம் திகதி கொழும்பில் ஜனாதிபதி பிரேமதாச குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டதால்தான் அங்கே ஆள் மாறியது. இங்கோ காம்ப்பெல் அம்மையாரைப் பொதுத் தேர்தல் எதுவும் இல்லாமலே அவருடைய கட்சி தலைவராகத் தெரிவுசெய்தது, தலைவரானதால் பிரதமரானார், ஒக்ரோபர் தேர்தலில் 295 இடங்களில் இரண்டே இரண்டை அந்தக் கட்சி வென்றது, அவர் தமது சொந்தத் தொகுதியையும் இழந்தார். மறுநாள் காலையில் பேருந்துகள் வழமைபோல ஓடின.

அந்த ஆண்டு எனக்கு விளங்காதது இதுதான்: இங்கே பிரதமரை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்வதில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பு இலங்கை ஜனாதிபதிக்குக் கொடுத்ததைப் போன்ற தனி ஆணை எதுவும் அவருக்கு இல்லை. கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தால் அதில் 'பிரதமர்' என்ற சொல்லே அகப்படாது. நிறைவேற்று அதிகாரம் முழுவதும் முடிக்குரியது என்றும், அதை முடியின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் ஆலோசனையின்படி செலுத்துவார் என்றும்தான் இருக்கும். அந்த ஆலோசனையை வழங்குவோர் பிரதமரும் அமைச்சர்களும் என்பது எழுதாத மரபு. நாடாளுமன்றத்தின் நம்பிக்கை அவர்களிடம் உள்ளவரை அந்த ஆலோசனை கட்டளைக்குச் சமம். நம்பிக்கை போனால் வெறும் காகிதம். 1979இல் பிரதமரான ஜோ கிளார்க், அதே ஆண்டு டிசெம்பரில் தமது வரவுசெலவுத் திட்டம் 139க்கு 133 என்ற வாக்குகளில் தோற்றதால் தேர்தலுக்குப் போய் ஆட்சியை இழந்தார்.

ஆனால், பிரதமர் பலவீனமானவர் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். தம்முடைய கட்சியினர்மீதும் அமைச்சர்கள்மீதும் அவருக்கு இருக்கும் பிடி மிகவும் இறுக்கமானது. அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும், மேலவை உறுப்பினர்களையும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் தெரிவதும், தேர்தலை எப்போது வைப்பது என்று ஆளுநர் நாயகத்திடம் சொல்வதும் அவர் கையில்தான் உள்ளன. கட்சித் தலைவர் என்ற வகையில், யார் அந்தக் கட்சியின் பெயரில் போட்டியிடலாம் என்பதும் அவருடைய ஒப்புதலில் தங்கியுள்ளது. இந்த அதிகாரத்தின் வலுவையும் எல்லையையும் ஒருங்கே காட்டிய விவகாரம் 2019இல் வெளிவந்தது. பெரிய கட்டுமான நிறுவனம் ஒன்றின்மீதான குற்ற வழக்கில் தலையிடும்படி பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவின் தரப்பினர் சட்டமா அதிபராக இருந்த ஜோடி வில்சன்-ரேபோல்டை வற்புறுத்தினர்; அவர் தலையிடவில்லை. சனவரியில் அவர் வேறு அமைச்சுக்கு மாற்றப்பட்டார், பெப்ரவரியில் பதவி விலகினார், ஏப்ரலில் கட்சிக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அத்தனையையும் பிரதமரால் செய்ய முடிந்தது; அந்த வழக்கில் வில்சன்-ரேபோல்டின் கையொப்பத்தைப் பெற மட்டும் முடியவில்லை. ஓகஸ்டில் நெறிமுறை ஆணையர் பிரதமர் நலமுரண் சட்டத்தை மீறினார் என்று அறிக்கையிட்டார், ஒக்ரோபரில் வில்சன்-ரேபோல்ட் சுயேச்சையாக நின்று வென்றார். பின்னர் ட்ரூடோவையே வீழ்த்தியதும் எதிர்க்கட்சி அல்ல. 2024 டிசெம்பர் 16ஆம் திகதி நிதியமைச்சர் கிறிஸ்டியா ஃபிரீலாண்ட் பதவி விலகினார். மூன்று வாரங்களில், தமது கட்சி உறுப்பினர்களின் நெருக்குதலுக்குப் பின், தாம் விலகப்போவதாக ட்ரூடோ அறிவித்தார். அவருக்குப்பின் 2025 மார்ச் 14ஆம் திகதி பதவியேற்ற மார்க் கார்னி அன்றைக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கூட அல்லர்.

உங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையை அதிகம் தொடுவது அமைச்சரவையின் கட்டளை அதிகாரம். நாடாளுமன்றம் ஏற்கெனவே இயற்றிய சட்டத்துக்குள் நின்று, புதிய வாக்கெடுப்பு எதுவும் இல்லாமல், அமைச்சர்கள் பெரிய மாற்றங்களைச் செய்துவிடலாம். ஓர் ஆண்டில் எத்தனை பேருக்கு நிரந்தர வதிவிடம் வழங்குவது என்பதை குடிவரவு அமைச்சர் திட்டமாக நாடாளுமன்றத்தில் வைக்கிறார்; அதன்மேல் வாக்கெடுப்பு நடப்பதில்லை. 2025ஆம் ஆண்டுக்கு 500,000 என்று முன்பு சொல்லப்பட்டிருந்த இலக்கு 2024ஆம் ஆண்டின் இறுதியில் 395,000 ஆகக் குறைக்கப்பட்டதும் அப்படித்தான். கார்னி பதவியேற்ற அன்றே பொதுமக்களின் எரிபொருளுக்கான காபன் கட்டணத்தை ஏப்ரல் முதல் சுழியமாக்கியதும் ஒரு கட்டளையால்தான்.

இந்த அதிகாரம் நம்மவர்களைச் சுட்ட காலமும் உண்டு. 2012இல் ஸ்டீபன் ஹார்ப்பரின் அமைச்சரவை, அகதிக் கோரிக்கையாளர்களுக்கு அதுவரை கிடைத்துவந்த மத்திய சுகாதார உதவியை ஒரு கட்டளையால் வெட்டியது. அப்போது எங்கள் கட்டடத்தில் நிலக்கீழ் அறையொன்றில் இருந்த ஒரு குடும்பத்துக்கு நீரிழிவு மருந்து வாங்க நாங்கள் பலர் சேர்ந்து பணம் போட்டது நினைவிருக்கிறது. மருத்துவர்கள் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2014 யூலையில் மத்திய நீதிமன்றம் அந்த வெட்டு கொடூரமானது, உரிமைச் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது; ஆட்சி மாறிய பின் 2016 ஏப்ரலில் பழைய உதவி முழுமையாகத் திரும்பியது. அமைச்சரவையின் வேகமும் அதற்குப் போடப்படும் கடிவாளமும் எப்படிப்பட்டவை என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் உதாரணம் இதுதான். கடிவாளம் உண்டு, ஆனால் அது இறுகுவதற்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. நோயாளிக்கு இரண்டு ஆண்டு என்பது சிறிய காலமல்ல.

எந்தப் பிரதமர் ஆட்சியில் இருக்கிறார் என்பதால் ஒன்றும் மாறாது என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தபோது, மல்ரோனி அரசாங்கம் அவர்களுக்கு அமைச்சரின் அனுமதிப் பத்திரம் கொடுத்து உள்ளே விட்டது. 2010 ஓகஸ்டில் 492 தமிழர்கள் 'சன் சீ' கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தபோது, ஹார்ப்பர் அரசாங்கம் அவர்களைத் தடுப்புக்காவலில் வைத்தது. பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அதே மக்கள், வேறு பிரதமர். ஆனால் இரண்டாம் முறை வந்தவர்களையும் விசாரணை இல்லாமல் திருப்பி அனுப்ப அந்த அரசாங்கத்தால் முடியவில்லை. அதற்குக் காரணம் 1985 ஏப்ரல் 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பு. இந்த மண்ணில் கால்வைத்த எவருக்கும் உரிமைச் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு என்றும், நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும் இடத்தில் அகதிக் கோரிக்கையாளரை நேரில் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்றும் அது சொன்னது. நீங்கள் காத்திருக்கும் அந்த விசாரணைத் திகதி உண்மையில் அந்தத் தீர்ப்பின் பிள்ளை.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2025 மே மாதம் அமைந்த அமைச்சரவையில் ஹரி ஆனந்தசங்கரி பொதுப் பாதுகாப்பு அமைச்சராகவும், தமிழ்நாட்டில் வேர்கொண்ட தந்தையின் மகளான அனிதா ஆனந்த் வெளிவிவகார அமைச்சராகவும் நியமிக்கப்பட்டதில் நமக்கெல்லாம் பெருமையே. ஆனால் உங்கள் கோரிக்கையைத் தீர்மானிப்பது குடிவரவு அகதிகள் சபை; அது அமைச்சுக்குக் கட்டுப்படாத தீர்ப்பாயம். அமைச்சரின் சார்பில் ஒருவர் உங்கள் விசாரணைக்கு வந்து உங்களுக்கு எதிராக வாதாடலாம். முடிவை அமைச்சர் எழுத முடியாது. போதாததற்கு, ஓர் அமைச்சர் தமது சமூகத்தோடு நெருங்கிய விடயங்களில் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. விடுதலைப் புலிகள் தொடர்பான தேசியப் பாதுகாப்பு முடிவுகளில் தாம் பங்கேற்பதில்லை என்று ஆனந்தசங்கரி 2025இல் பகிரங்கமாகவே கூறினார். 'நம்மவர் அமைச்சர், அவரிடம் சொல்லி முடித்துத் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால், அந்த மனிதரை அடுத்த முறை வீட்டுக்குள் விட வேண்டாம்.

அடுத்து, ஊரிலிருந்து வந்த நம் எல்லோரையும் ஏமாற்றும் ஒரு சொல் இருக்கிறது: மாகாணம். ஆளுநரை ஜனாதிபதி நியமித்து, காணிக்கும் பொலிஸுக்கும் கொழும்பைப் பார்த்து நிற்கும் மாகாண சபையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்ராறியோவை அளக்கக் கூடாது. மருத்துவமனை, பாடசாலை, வீட்டு வாடகை, தொழிலாளர் சட்டத்தின் பெரும்பகுதி, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகிய அனைத்தும் மாகாணத்தின் சொந்த அதிகாரம். பிரதமர் ஒன்ராறியோ முதல்வரைப் பதவிநீக்க முடியாது, அவருடைய சட்டசபையைக் கலைக்க முடியாது. பணத்தைக் காட்டிப் பேரம்பேசலாம், அவ்வளவே. உங்கள் வாடகையை வீட்டுக்காரர் ஒரேயடியாக 400 டொலர் கூட்டிவிட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசாங்கத்துக்கும் தொடர்பில்லை. 2018 நவம்பர் 15ஆம் திகதிக்குப் பின்னர் முதன்முதலாகக் குடியிருக்கப்பட்ட வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு கிடையாது என்று தீர்மானித்தது ஒன்ராறியோ அரசாங்கம். ஆகவே முதலில் நீங்கள் இருக்கும் அந்த நிலக்கீழ் வீட்டில் எந்த ஆண்டு முதல் ஆட்கள் இருந்தார்கள் என்று விசாரியுங்கள். பழைய வீடு என்றால் 2025இல் அனுமதிக்கப்பட்ட உயர்வு 2.5 வீதம் மட்டுமே, அதற்கும் 90 நாள் முன்னறிவித்தல் எழுத்தில் தர வேண்டும்.

அம்மாவை ஸ்பொன்சர் செய்த காலத்தில் நான் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஆறு முறை போனேன். போகும்போதெல்லாம் வெளிநாட்டுச் சாக்லேட் பெட்டி ஒன்றைக் கொண்டு போவேன். அங்கிருந்த உதவியாளர் ஒவ்வொரு முறையும் அதைச் சிரித்தபடி திருப்பித் தந்துவிடுவார். ஆறாவது முறை அவர் என்னை உட்காரவைத்து, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது, எந்தப் பத்திரம் குறைகிறது என்று கேட்டுச் சொல்லத் தம்மால் முடியும், அதற்கும் நான் சம்மதப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும், அதற்குமேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். கையொப்பமிட்ட பின்புதான் தெரிந்தது, அம்மாவின் மருத்துவப் பரிசோதனை காலாவதியாகிப் பல மாதங்களாகிவிட்டன, அதை அறிவித்த கடிதம் என் பழைய முகவரிக்குப் போயிருந்தது என்பது.

நீங்கள் இருமுறை வீடு மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். குடிவரவு அமைச்சுக்கும், அகதிகள் சபைக்கும், எல்லைச் சேவைக்கும் புதிய முகவரியைத் தனித்தனியாக அறிவித்தீர்களா? ஓரிடத்தில் சொன்னால் மற்ற இடங்களுக்குத் தானாகப் போய்விடும் என்று நம்ப வேண்டாம். இந்த வாரமே அதைச் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.